பிளேன் கட்டறதுக்கு முன்னாடி ஒரு ரெக்கைத் துண்டு: அலுமினிய பிராக்டிஸ் கிட் ரிவ்யூ, சேலத்துல இருந்து

முதல்லயே சொல்லிடறேன், இது பறக்கற ஐட்டம் இல்லீங்க. வீட்டுலயே சொந்தமா பிளேன் கட்டறவங்களுக்கு கிட் விக்கிற கம்பெனிங்க கூடவே ஒரு சின்னப் பெட்டியும் விக்கிறாங்க, பிராக்டிஸ் கிட்டுனு. உள்ள முழங்கை நீளத்துக்கு ஒரு ரெக்கைத் துண்டு செய்யற அளவுக்கு வெட்டி ஓட்டை போட்ட அலுமினியத் தகடு, ரெண்டு மூணு ரிப் (ரெக்கைக்கு உருவம் குடுக்கற விலா எலும்பு மாதிரி), ஒரு ஸ்பார் (நீளவாக்குல தாங்கற உத்திரம்), பொட்டலத்துல ரிவெட்டு (தகட்டையும் தகட்டையும் சேக்கற, வால நசுக்கி இறுக்கற ஆணி), மடிச்சு வெச்ச ஒரு டிராயிங். அவ்ளோதான். செஞ்சு முடிச்சா ஷோகேஸ்ல வெக்கலாம், வேற ஒண்ணுக்கும் ஆகாது. ஆனா பிளேன் கிட் ஆசை இருக்கற யாரா இருந்தாலும் மொதல்ல இத வாங்குங்கனுதான் சொல்லுவேன், அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் ஏன் கொறைச்சேன்னு கீழ வருது.

கம்பெனி பேரு போடல. கொஞ்சம் கொறையும் சொல்லப்போறேன், அதனால வேணாம்னு விட்டுட்டேன். பல பேரு விக்கிறாங்க, சமாச்சாரம் ஏறக்குறைய ஒண்ணுதான்.

ஏன் இதெல்லாம்னு கேப்பீங்க. நம்ம சேலம் கமலாபுரம் ஏர்போர்ட்ல பிளைட் மறுபடி ஓட ஆரம்பிச்சதுல இருந்து இந்தப் பக்கம் பாதிப் பேரு மேல பாத்துட்டேதான் நடக்கறோம், அதுல நான் கொஞ்சம் ஓவர். அப்புறம் 2022ல அந்தக் கேரளாக்காரரு நியூஸ் வந்துச்சு ஞாபகம் இருக்கா, அசோக் தாமராக்ஷன்னு லண்டன்ல இருக்கற இன்ஜினியரு, லாக்டவுன்ல தோட்டத்துல ஷெட்டு போட்டு ஸ்லிங் டிஎஸ்ஐனு ஒரு நாலு சீட்டர் கிட் பிளேன கட்டி, பொண்ணு பேர வெச்சு குடும்பத்தோட ஐரோப்பா சுத்திட்டு வந்தாரு. அதப் பாத்துட்டு நாமளும் கட்டலாம்னு கெளம்பினவங்க நெறைய பேரு இருப்பாங்க, நானும் அந்தக் கூட்டம்தான், ஆனா அந்தப் பிளேனுக்கு ஆன செலவு 1,40,000 பவுண்டுனு படிச்சதும் கூட்டம் கலைஞ்சிடும். அவ்ளோ காசு போடறதுக்கு முன்னாடி, அட காச விடுங்க, வருஷக்கணக்குல சனி ஞாயிறப் போடறதுக்கு முன்னாடி நம்ம கையி இதுக்கு ஒத்து வருமா, நமக்குப் பொறுமை இருக்கானு பாக்கணும்ல, அதுக்குத்தான் இந்தப் பெட்டி.

வாங்கறது பெரிய கூத்து. சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்களே, பெட்டி விலைய விட கூரியரும் கஸ்டம்ஸ் டூட்டியும் சேந்து அதிகமா வந்துச்சு. பில்லுல ஏர்கிராஃப்ட் பார்ட்ஸ்னு அடிச்சு அனுப்பிட்டாங்க போல, கூரியர்ல இருந்து போன் மேல போன், சார் இது எந்த விமானத்துக்கு, விமானம் எங்க இருக்கு, லைசென்ஸ் இருக்கானு. சார் இது ரிவெட் அடிச்சுப் பழகற தகடு சார்னு சொன்னா அந்தப் பையனுக்கு இன்னும் சந்தேகம் ஜாஸ்தி ஆயிடுச்சு. ஆதார் காப்பி, கைப்பட ஒரு லெட்டர் எல்லாம் குடுத்த பிறகுதான் பார்சல் நகந்துச்சு. நீங்க ஆர்டர் பண்ணா, இது பயிற்சிக்கான தகடு, எந்த விமானத்துலயும் மாட்டறதுக்கு இல்லனு பில்லுலயே போடச் சொல்லி முன்கூட்டியே மெயில் போட்டுடுங்க.

பெட்டியத் தொறந்தா தகடு மேல நீலக்கலர் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியிருக்கும், கீறல் விழாம இருக்க. அத உரிச்சா கண்ணாடி மாதிரி பளபளனு இருக்கு. இது நம்ம பாத்திரக்கடை அலுமினியம் இல்ல, 2024-டி3னு ஒரு கலவை, செம்பு கலந்தது, அதனாலதான் அந்த உறுதி. ஆனா செம்பு கலந்தா அரிக்கவும் செய்யும், அதுக்காக ரெண்டு பக்கமும் சுத்த அலுமினியத்த மெல்லிசா ஒரு லேயரா ஏத்தியிருப்பாங்க, ஆல்கிளாட்னு பேரு. அந்த மேல் லேயரு தாண்டி ஆழமா கீறல் விழுந்தா அங்கிருந்து அரிப்பு ஆரம்பிக்கும். அதனால மேஜை மேல பழைய போர்வை ஒண்ணு விரிச்சுட்டுதான் வேலை பண்ணணும், இரும்புத் தூளு கெடக்கற பெஞ்சுல வெக்கவே கூடாது.

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லாம போக மனசு வரல. நம்ம ஏற்காட்டு மலையிலயும் கொல்லிமலையிலயும் பாக்சைட்டு வெட்டி மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு லாரி லாரியா எறக்கின ஊருங்க இது. நாலு டன் பாக்சைட்டுக்கு ஏறக்குறைய ஒரு டன் அலுமினியம் கெடைக்கும்பாங்க. மலையில இருந்து எடுத்து அணைக்குப் பக்கத்துல உருக்கின ஊர்ல உக்காந்துட்டு அர கிலோ அலுமினியத் தகட்ட அமெரிக்கால இருந்து டூட்டி கட்டி வாங்கியிருக்கேன். சரி விடுங்க.

வேலைக்கு வருவோம். ரிவெட் அடிக்கறதுதான் முக்கியமான வேலைனு நெனப்போம், உண்மையில அது கடைசி. முக்கால்வாசி நேரம் ஓட்டையோடதான் போராட்டம். தகடு பஞ்ச் பண்ணி வரும், அத சரியான சைஸுக்கு டிரில் போடணும், போட்டதும் ஓட்டை ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிக்கும், அத டிபர்ரிங் டூல வெச்சு லேசா ரெண்டு மூணு சுத்து சுத்தி எடுக்கணும், ரெண்டு பக்கமும், ஒவ்வொரு ஓட்டைக்கும். அழுத்தி சுத்தினா ஓட்டை ஓரமே கத்தி மாதிரி தேஞ்சிடும். பிசிறு போச்சானு பாக்க ஒரு நல்ல வழி இருக்கு, கொஞ்சம் பஞ்ச எடுத்து ஓட்டை மேல இழுங்க, ஒரு நூலு மாட்டினாலும் இன்னும் பிசிறு இருக்குனு அர்த்தம். விரலால தடவிப் பாத்தா தெரியாதது பஞ்சுல தெரிஞ்சிடும்.

இவ்ளோ மெனக்கெடணுமா? ஆமாங்க. தகடு வெடிப்பு விடறது பெரும்பாலும் ஓட்டை ஓரத்துல இருந்துதான் ஆரம்பிக்கும். உலகத்துலயே அதிகமா கட்டப்பட்ட கிட் பிளேன் ஆர்வி சீரிஸு, ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் ஆரம்பிச்ச வான்ஸ் ஏர்கிராஃப்ட், 11,000 பிளேனுக்கு மேல பறந்திருக்கு. அப்பேர்ப்பட்ட கம்பெனியே ஓட்டைய பஞ்ச் பண்றதுக்குப் பதிலா லேசர்ல வெட்டின பாகங்கள்ல டிம்பிள் (ரிவெட் தலை உக்கார குழி) போடும்போது வெடிப்பு வருதுனு பிரச்சினையாகி, வேற சிக்கல்களும் சேந்து, 2023 டிசம்பர்ல திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போயி, 2024லதான் மீண்டு வந்துச்சு. ஒரு ஓட்டையோட ஓரம் எவ்ளோ பெரிய விஷயம்னு பாருங்க.

டிபர்ர் ஆனதும் டிம்பிள். ரெக்கை மேல காத்து வழுக்கிட்டுப் போகணும், ரிவெட் தலை தூக்கிட்டு நிக்கக் கூடாது, அதனால தலை உள்ள அமர குழி வேணும். மரத்துல ஸ்க்ரூவுக்கு போடற மாதிரி குடைஞ்சு எடுக்க முடியாது, தகடு அவ்ளோ மெல்லிசு. அதனால ஆணு பொண்ணுனு ரெண்டு டை வெச்சு நசுக்கி குழி பண்ணுவாங்க. மேல் தகட்டுல குழி, கீழ ரிப்புலயும் குழி, ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்தா நகராது, ரிவெட் இல்லாமலே பாதி பிடிச்சுக்கும். இந்தக் கட்டம் எனக்கு ரொம்பப் புடிச்சுது, டக்குனு ஒரு சத்தம், கையில ஒரு திருப்தி.

அப்புறம் கிளெகோ. துணி தைக்கறவங்க குண்டூசி குத்தி வெப்பாங்களே அந்த வேலைக்கு இது, ஸ்பிரிங் வெச்ச சின்னச் சின்ன ஊசி, பிளையர்ல அழுத்தி ஓட்டைல விட்டா ரெண்டு தகட்டையும் கவ்விப் பிடிக்கும். சில்வர் கலர் 3/32 இஞ்சு ஓட்டைக்கு, செம்புக் கலர் 1/8க்கு. எல்லா ஓட்டையிலயும் இத மாட்டி நிறுத்தினா அந்த ரெக்கைத் துண்டு முள்ளம்பன்னி கணக்கா நிக்கும், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடற கட்டம் இதுதான், போட்டேன்.

இப்ப ரிவெட். இதுக்கு ரெண்டு ஆள் வேணும், பெட்டில ஆள் வராது. ஒருத்தர் வெளிப்பக்கம் ரிவெட் கன் (கம்ப்ரஸர் காத்துல தட்டற சுத்தி) பிடிக்கணும், இன்னொருத்தர் உள்பக்கம் பக்கிங் பார்னு ஒரு இரும்புக் கட்டிய ரிவெட் வால்ல முட்டுக் குடுக்கணும். கன்னு தட்டத் தட்ட வால்ப்பக்கம் நசுங்கி தலை மாதிரி பரவும். எங்க தெருவுல ஒரு டிங்கர் அண்ணன் இருக்காரு, பல வருஷம் கரூர்லயும் நாமக்கல்லயும் பஸ் பாடி கட்டின கையி. அவர்கிட்ட கொண்டு போனேன். தகட்ட ரெண்டு விரல்ல தூக்கி வளைச்சுப் பாத்தாரு.

"என்ன தம்பி, பிஸ்கட் டப்பா தகரத்தாட்டம் இருக்கு. இதுலயா ஆளு உக்காந்து போறது?"

"ஆமாங்கண்ணா, அர மில்லிதான். ரெக்கை மேல போத்தறதே இவ்ளோதான்."

"பஸ்ஸுக்கே நாங்க இத விட கனமா போடுவோம்."

"பஸ்ஸு பறக்க வேண்டியதில்லையேண்ணா."

"அதுவுஞ்செரி. ஆனா எங்க டிரைவருங்களப் பாத்தா அப்படித் தெரியாது" அப்படின்னுட்டு பக்கிங் பார வாங்கிக்கிட்டாரு.

அவரு வந்ததுக்கு அப்புறம்தான் வேலை வேலையா நடந்துச்சு. கன்ன நான் அழுத்தினேன், அவரு காத வெச்சுக் கேக்கறாரு. ஆரம்பத்துல சத்தம் பொத்தையா வரும், ரிவெட் நசுங்கி இறுக இறுக சத்தம் கூர்மையாகும். "சத்தம் மாறிடுச்சு பாருங்க, விட்டுருங்க தம்பி." கேஜ் வெச்சுப் பாத்தா கரெக்டா இருக்கு. கணக்கு என்னன்னா நசுங்கின தலை ரிவெட் விட்டத்துல ஒன்றரை மடங்கு அகலம், பாதி உயரம் இருக்கணும், 3/32 ரிவெட்டுனா சுமாரா 3.6 மில்லி அகலம், 1.2 மில்லி உயரம். இத அவரு டிராயிங் பாக்காமலே காதுல கண்டுபுடிச்சாரு. ரொம்ப நேரம் மெதுவா தட்டிட்டே இருந்தா அலுமினியம் இறுகிப்போயி அதுக்கு மேல நசுங்காது, அதனால கொஞ்ச அடில தெளிவா முடிச்சிடணும், இதுவும் அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்துச்சு. பார் சாஞ்சா தலை ஒரு பக்கமா வழியும், கன்னு நழுவினா ரிவெட் தலைல பிறை மாதிரி ஒரு வெட்டு விழும், பிளேன் கட்டறவங்க அத ஸ்மைலினு சொல்லுவாங்க. கெட்டுப்போன ரிவெட்ட எடுக்கறதும் இந்தப் பெட்டில பழக வேண்டிய பாடம்தான். தலை நடுவுல ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுல டிரில் வெச்சு தலை ஆழத்துக்கு மட்டும் எறக்கி, பஞ்ச்னு ஒரு சின்ன இரும்புக் கம்பிய விட்டு சாச்சா தலை மட்டும் பட்டுனு ஒடஞ்சு வரும், ஓட்டை பெருசாகாது. முழு பிளேன்ல பத்தாயிரத்துக்கு மேல ரிவெட் இருக்கும், அதுல எடுக்க வேண்டியதும் கட்டாயம் வரும், அதனால நல்ல ரிவெட்டையும் ரெண்ட வேணும்னே கழட்டிப் பாருங்க.

சத்தத்தப் பத்தி ஒரு எச்சரிக்கை. மாடி ரூம்லயோ அபார்ட்மென்ட்லயோ வேணாம். மொத நாளு வீட்டு ஷெட்டுல நாலு ரிவெட் தட்டினதுக்கே பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்து என்னங்க தம்பி பாத்ரூம் டைல்ஸ் பேக்கறீங்களானு கேட்டாங்க. காதுல மஃப் இல்லாம பண்ணவே கூடாது, கண்ணாடியும் போடணும்.

இப்ப அந்த ஒரு ஸ்டார். டிராயிங் ரொம்பக் கஞ்சத்தனம். எல்லாமே இஞ்சுல, அதுவும் புள்ளி வெச்சு. ரிவெட் பேர ஏஎன்426ஏடி3-3.5னு போட்டுட்டு அது என்னனு ஒரு வரி கூட கெடையாது. நானே எழுதிடறேன்: 426னா தலை குழில அமுங்கற டைப்பு, 470னா மேல உருண்டு நிக்கற டைப்பு, ஏடினா அலாய், அடுத்த 3னா விட்டம் 3/32 இஞ்சு, கடைசி 3.5னா நீளம், ஒரு இஞ்சுல பதினாறுல மூணரைப் பங்கு. இத அச்சடிக்க எவ்ளோ இங்க் ஆயிருக்கும்? அடுத்தது ரிப். பிரஸ்ல அடிச்சு வர்ற ரிப் லேசா வளைஞ்சுதான் வரும், ஓரத்த அங்கங்க பிளையர்ல மடிச்சு நேராக்கணும், இல்லாட்டி ஓட்டை எதுவும் நேருக்கு நேர் வராது. டிராயிங்ல அதுக்கு இருக்கறது தேவைக்கேற்ப மடிக்கவும்னு ஒரே வரி. தேவை எவ்ளோனு தெரிஞ்சவன் எதுக்குய்யா பிராக்டிஸ் கிட் வாங்கறான்? ரெக்கையோட பின் ஓரம் சேர்ற இடம்தான் இருக்கறதுலயே கஷ்டமானது, கோணலாச்சுனா முறுக்கிக்கும், அதுக்கும் ரெண்டே வரி. எக்ஸ்ட்ரா ரிவெட்டும் கம்மி, பழகற பெட்டில ஒரு கைப்பிடி கூட போட வேணாமா.

உண்மையான செலவு பெட்டில இல்ல, டூல்ஸ்ல இருக்கு, இத யாரும் வெளிப்படையா சொல்றதில்ல. ரிவெட் கன், டிம்பிள் டை, கிளெகோ, அதுக்கான பிளையர், டிபர்ரிங் டூல், இதெல்லாம் சேத்தா பெட்டி விலை ஒண்ணுமே இல்ல. ஆனா எல்லாத்தையும் வெளியூர்ல இருந்து வாங்க வேண்டியதில்லை. பக்கிங் பார் லேத்துப் பட்டறைல ஒரு ஸ்டீல் கட்டிய வெட்டி முகத்த வழவழனு பாலிஷ் போட்டுக் குடுக்கச் சொன்னா போதும், நம்மூர்ல லேத்துக்கா பஞ்சம். 3/32 ரிவெட்டுக்கு 40ஆம் நம்பர் டிரில் பிட் கேப்பாங்க, செவ்வாப்பேட்டை ஹார்டுவேர் கடைல நம்பர் பிட்டுனு கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க, பழகறதுக்கு 2.5 மில்லி பிட்டே சரியா வரும். கம்ப்ரஸருக்கு பெயின்ட் அடிக்கறவங்க வெச்சிருக்கற சைஸ் தாராளம், ஆனா ரெகுலேட்டர் கட்டாயம், சின்ன ரிவெட்டுக்கு முப்பது நாப்பது பிஎஸ்ஐ போதும், டேங்க் பிரஷர அப்படியே விட்டா ரிவெட் அப்பளமாயிடும். மழைக்காலத்துல டேங்க்ல தண்ணி சேரும், தினம் தொறந்து விடுங்க. கிளெகோ ஒரு அம்பது இருந்தா இந்தப் பெட்டிக்கு ஓடும். டிம்பிள் டைல மட்டும் மட்டமான சரக்கு வாங்காதீங்க, குழி சரியில்லாட்டி மேல எல்லாமே தப்பு.

யாருக்கு இந்தப் பெட்டி தேவையே இல்ல? நீங்க கட்டப்போறது பாப் ரிவெட்டுல (ஒரு பக்கத்துல இருந்தே இழுத்து இறுக்கற ரிவெட்டு) சேர்ற பிளேன்னா, ஸ்லிங், ஜெனித், ஆர்வி-12 மாதிரி, அதுல பக்கிங் வேலை ரொம்பக் கம்மி, ஒத்தை ஆளா உக்காந்தே இழுத்துடலாம். அப்புறம் தகடே வேணாம்னா பெங்களூர்ல ராஜ் ஹம்சானு ஒரு கம்பெனி எக்ஸ்-ஏர்னு அல்ட்ராலைட் (ரொம்ப லேசான குட்டி பிளேன்) பண்ணி பல நாட்டுக்கு கிட்டா அனுப்பியிருக்காங்க, அலுமினியக் குழாய போல்ட்டு போட்டு சேத்து மேல டேக்ரான் துணி போத்தறது, ரிவெட்டுக்குப் பதில் ஸ்பேனர் வேலை. தொடுபுழா பக்கத்துக்காரரு சஜி தாமஸ், காது கேக்காது பேச்சு வராது, அவரு கையால செஞ்ச அல்ட்ராலைட் 2014ல நம்ம மணிமுத்தாறுலதான் பறந்துச்சு, அதுவும் இந்தக் குழாய் துணி ரகம்தான்.

கட்டி முடிச்சா இங்க பறக்க விடுவாங்களானு கேக்கறவங்களுக்கு: தகடு வெட்டறதுக்கு முன்னாடியே டிஜிசிஏ (விமானங்களுக்கு அனுமதி குடுக்கற மத்திய அரசு அமைப்பு) கிட்ட எழுதிக் கேட்டு, எழுத்துல பதில் வாங்குங்க. மும்பைல அமோல் யாதவ்னு ஒரு பைலட் மொட்டை மாடில ஆறு சீட்டர் கட்டினாரே, 2016ல மேக் இன் இந்தியா கண்காட்சில வெச்சாங்க, விடி-என்எம்டினு பதிவு நம்பர் 2017ல, பறக்க பெர்மிட் 2019ல. அவரு பைலட்டு, பேப்பர்ல டிவில பேரு வந்தவரு, அவருக்கே இவ்ளோ வருஷம். அமெரிக்கால பாதிக்கு மேல நீயே கட்டியிருந்தா எக்ஸ்பெரிமென்டல்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு டெஸ்ட் பிளைட்டுக்கு போயிடலாம், அந்த வசதிய மனசுல வெச்சுட்டு இங்க கிட் புக் பண்ணாதீங்க. கமலாபுரத்துல 6,000 அடி ரன்வே இருக்கு, இந்த மாதிரி குட்டி பிளேனுக்கு அதுல பாதிக்கும் பாதி போதும், எடம் பிரச்சினையே இல்ல, பேப்பர்தான் பிரச்சினை.

ஏற்காட்டுல எஸ்டேட் வெச்சிருக்கற ஒரு நண்பர் இதக் கேட்டுட்டு மேலயே ஒரு ஸ்ட்ரிப் போட்டுடலாமானு கேட்டாரு. இருபது ஹேர்பின் பெண்டுல கிட் பெட்டி ஏறணும், அது இருக்கட்டும், அந்த ஒசரத்துல காத்து மெல்லிசு, டர்போ இல்லாத இன்ஜின் பவரு சுமாரா நூத்துக்கு பதினஞ்சு கொறையும், ரெக்கைக்கும் புடிப்பு கம்மி, அதனால கீழ விட நீள ரன்வே வேணும். காப்பித் தோட்டத்துல நேர் கோட்டுக்கு எங்க போறது. கீழயே கட்டலாம் வாங்கனு சொல்லியிருக்கேன்.

என்னோட ரெக்கைத் துண்டு இப்ப டிங்கர் அண்ணன் பட்டறைலதான் இருக்கு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அவருதான் எடுத்துக் காட்டி வெளக்கறாரு, பிளேன் ரெக்கை தம்பி, நாந்தான் முட்டுக் குடுத்தேன்னு. அடுத்த பெட்டி எப்ப வருதுனு வேற கேக்கறாரு.

சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் யாராச்சும் இந்தப் பெட்டி வாங்கினா டூல்ஸுக்கு தனியா செலவு பண்ணாதீங்க, கீழ கமெண்ட்ல சொல்லுங்க, கன்னு, டை, கிளெகோ எல்லாம் இருக்கு, வந்து அண்ணன் பட்டறைலயே பண்ணிக்கலாம். டங்ஸ்டன் பக்கிங் பார் ஒண்ணு தனியா வாங்கினேன், இரும்ப விட ரெண்டு மடங்குக்கு மேல கனம், கைக்குள்ள அடங்கும், அத மட்டும் வீட்டுக்கு குடுத்து விட மாட்டேன்.